மணி பிளான்ட் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு பால்கனியில் இருக்கும் மணி பிளான்டுக்கு வயது பதினாறு. அதிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள் பக்கத்து ஃபிளாட், அலுவலகம், தங்கை வீடு, தங்கையின் மாமியார் வீடு என்று எங்கெங்கோ போய்விட்டன. வாங்கிப் போனவர்கள் எல்லோரும் ஒரு மாதம் கழித்து ஃபோன் செய்வார்கள். இலை பழுக்கிறது, வேர் வரவில்லை, இலை பெரிதாகவே மாட்டேன் என்கிறது. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மரம் ஏறும் கொடி. காட்டில் மரத்தடி நிழலில் தரையோடு படர்ந்து, ஒரு மரம் கிடைத்ததும் அதைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறுவதுதான் இதன் பிழைப்பு. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

இது எந்த ஊர்ச் செடி? நம் ஊர்ச் செடிதானே?

தெருவுக்குத் தெரு இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. இதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவில் இருக்கும் மோரேயா என்ற சின்னத் தீவு. தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். ‘ஆரியம்’ என்றால் லத்தீனில் பொன்னிறம். இலையில் இருக்கும் மஞ்சள் தீற்றலுக்காக வைத்த பெயர்.

அமெரிக்காவில் இதை போதோஸ் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போதோஸ் என்ற சொல் சிங்களத்திலிருந்து லத்தீனுக்குப் போனது. இலங்கையில் இயற்கையாக வளரும் வேறொரு கொடியின் பெயர் அது. 1880-ல் இந்தச் செடியை முதலில் விவரித்தபோது அந்த இனத்தில் சேர்த்து போதோஸ் ஆரியஸ் என்று எழுதிவிட்டார்கள். பிறகு தாவரவியலாளர்கள் திருத்திக்கொண்டார்கள், கடைக்காரர்கள் திருத்திக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் மணி பிளான்ட் என்று கேட்டால் தடித்த இலை உள்ள கிராசுலாவை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு குடும்பம், வேறு வளர்ப்பு.

கண்டியில் ஒரு மரத்தில் முறம் முறமாக இலை விட்ட மணி பிளான்டைப் பார்த்தேன். என் வீட்டில் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லையே, இது வேறு ரகமா?

அதே செடிதான். நீங்கள் வீட்டில் வைத்திருப்பது அதன் குழந்தைப் பருவம், மரத்தில் பார்த்தது வளர்ந்த ஆள். மரமேறிய கொடி 20 மீட்டர் உயரம் வரை போகும். இலை ஒரு மீட்டர் நீளம் வரைகூட வளரும். ஓரங்களில் வாழையிலை கிழிந்ததுபோல் கிழிசல்கள் விழும். நோய் என்று பயப்பட வேண்டாம், வயதுக்கு வந்த இலை அப்படித்தான் இருக்கும்.

இந்தக் கொடி மேலே ஏற ஏற இலை பெரிதாகும். பற்ற ஒன்றும் கிடைக்காமல் தொங்கினால் இலை சிறுத்துக்கொண்டே போகும். நாம் என்ன செய்கிறோம்? அலமாரி மேல் வைத்துக் கீழே தொங்கவிடுகிறோம், அல்லது ஜன்னல் கம்பியில் நூல் கட்டிப் படுக்கைவாட்டில் ஓட்டுகிறோம். அப்புறம் இலை சின்னதாக இருக்கிறதே என்று உரம் வாங்கிப் போடுகிறோம். உரத்தால் இது சரியாகாது.

பெரிய இலை வேண்டுமென்றால் ஏறுவதற்கு ஒன்று கொடுங்கள். நர்சரியில் தேங்காய் நார் சுற்றிய கம்பு விற்கிறார்கள். நானும் வாங்கி நட்டேன். எட்டு மாதம் கொடி அதன்மேல் சாய்ந்து நின்றதே தவிரப் பற்றவில்லை. நார் காய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தால் எந்த வேர் போய் ஒட்டும்? கணுக்களில் பழுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும் காற்று வேர்கள் ஈரத்தைத் தேடித்தான் போகும். பிறகு இரண்டு அங்குல பிவிசி குழாயில் சரமாரியாகத் துளை போட்டு, உள்ளே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அடைத்து, வெளியே தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். தண்ணீரை மண்ணில் ஊற்றும்போது குழாயின் மேல்வாய் வழியாகவும் ஒரு டம்ளர் ஊற்றுவேன். ஆறாவது வாரத்தில் வேர் உள்ளே நுழைந்துவிட்டது. அடுத்த வருடம் வந்த இலைகள் ஒரு சாண் அளவு. வீட்டுக்குள் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மீட்டர் இலையை வைத்துக்கொண்டு நீங்களும்தான் எங்கே உட்காருவீர்கள்?

கொடியைக் கட்டும்போது கணுவை நாரோடு ஒட்டிவைத்து, கிழிந்த பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், தண்டை அறுத்துவிடும்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? இருட்டு அறையில் வளரும் என்கிறார்களே?

சாகாமல் இருக்கும். அதற்குப் பெயர் வளர்வது இல்லை.

பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடமாக இருந்தால் போதும். ஜன்னலுக்கு அருகே, நேர் வெயில் படாமல் இருந்தால் மிக நல்லது. காலை ஏழெட்டு மணி வெயில் ஒன்றும் செய்யாது. மதிய வெயிலும் மேற்கு ஜன்னல் வெயிலும் இலையைப் பொசுக்கி வெளிறிய திட்டுகளை உண்டாக்கும். பொசுங்கிய இலை திரும்பப் பச்சையாகாது. பாத்ரூமில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். ஈரப்பதம் அதற்குப் பிடிக்கும், ஆனால் ஜன்னல் இருக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள் கணக்கு சொல்ல மாட்டேன். நாள் கணக்கு பார்த்து ஊற்றித்தான் பெரும்பாலான மணி பிளான்ட்கள் சாகின்றன.

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். விரலில் மண் படுவது பிடிக்காதவர்கள் தொட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். தண்ணீர் ஊற்றியதும் இருந்த கனத்தையும் காய்ந்தபின் இருக்கும் கனத்தையும் கை இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும். சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது, மின்விசிறி நாள் முழுக்க ஓடும் ஹாலில், என் செடிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. அதே செடிக்கு ஐப்பசி மழையில் பத்து நாள் கழித்து ஊற்றினாலும் போதும்.

ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியே வரும் அளவுக்கு ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பது இரண்டும் கெட்டான் வேலை. மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அடிவேருக்கு ஒன்றும் போய்ச்சேராது.

அழகுக்காகப் பீங்கான் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைக்கிறார்கள் இல்லையா, அதை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வெளித்தொட்டியில் துளை இருக்காது. தண்ணீர் அடியில் நின்று வேர் மூச்சுத் திணறும். நல்ல வெளிச்சம், நல்ல மண், ஆனாலும் செடி செத்துவிட்டது என்று வந்த புகார்களில் குற்றவாளி பெரும்பாலும் இந்தப் பீங்கான் தொட்டிதான்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றலாமா? வீணாகப் போகிறதே.

வீடு துடைக்க வையுங்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் செறிந்து கிடக்கிறது. தொட்டி மண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும். மண்ணின் மேலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது அந்த உப்பு. போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளிலும் இதே கதை. மாதம் ஒருமுறை மழைநீரோ குடிநீரோ தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியாக உப்பைக் கழுவி விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

என்ன மண்? எவ்வளவு பெரிய தொட்டி?

தண்ணீர் தேங்காத மண். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே கையளவு ஆற்று மணலோ உடைத்த கரித்துண்டோ கலந்தால் முடிந்தது. செம்மண் மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும். நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் வெறும் கோகோபீட்டில் இருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பஞ்சு போல ஈரம் பிடித்திருக்கும். வாங்கிய இரண்டு வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

தொட்டி, வேர்த்தொகுதியைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ‘பின்னால் வளரும்தானே’ என்று அண்டா அளவுத் தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் எல்லாம் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழி செய்யும். அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும்போது அடுத்த அளவுக்கு மாற்றுங்கள்.

இலை மஞ்சளாகப் பழுக்கிறது. என்ன குறை?

எத்தனை இலை, எந்த இடத்து இலை என்று முதலில் பாருங்கள்.

அடியில் இருக்கும் வயதான இலை ஒன்று, மாதத்துக்கொரு தடவை பழுத்து விழுந்தால் அது இயற்கை. கிள்ளி எறிந்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று நான்கு இலை பழுத்து, தண்டு தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். மண்ணை முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாசனை வரும். உடனே செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும். அழுகியதையெல்லாம் கத்தரித்துப் புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் கஞ்சத்தனமாகத் தண்ணீர் காட்டுங்கள். வேர் முழுக்கப் போய்விட்டதா? கொடியின் மேல்பகுதி கெட்டியாக இருந்தால் அதை வெட்டி மறுபடி வேர்விட வையுங்கள். இந்தச் செடி அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. ஆங்கிலத்தில் இதற்குப் பேய்க்கொடி என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு.

இலை சுருண்டு, துவண்டு, பிறகு பழுத்தால் தாகம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் நின்றுகொண்டே துவண்டால் அது தாகம் கிடையாது, வேர் அழுகல். இந்த வித்தியாசம் தெரியாமல் துவண்ட செடிக்கு இன்னும் ஒரு வாளி ஊற்றிக் கொன்றவர்களில் நானும் ஒருத்தி.

எல்லா இலையும் மெல்ல மெல்ல வெளிறி, வளர்ச்சியும் நின்றிருந்தால் பசி. உரம் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இலை நுனி மட்டும் கருகுகிறது.

உப்புத் தண்ணீர், ஏசி காற்று நேராக அடிப்பது, உரம் அதிகம் போட்டது. இந்த மூன்றில் ஒன்று.

காலையில் இலை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது. செடி அழுகிறதா?

மாமியார் வீட்டில் ஒருவர் இதைக் கெட்ட சகுனம் என்று சொல்லிச் செடியை வெளியே வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவம். இரவில் வேர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆனால் இலை வழியாக ஆவியாவது குறைவு. மிஞ்சிய தண்ணீர் இலை நுனியில் உள்ள நுண்துளை வழியாகக் கசியும், அவ்வளவுதான். தினமும் சொட்டினால் மண்ணில் ஈரம் கொஞ்சம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மஞ்சளும் வெள்ளையுமாக அழகாக இருந்தது. இப்போது வெறும் பச்சையாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

கடைக்காரர் மேல் தப்பில்லை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, அந்த இடம் உணவு தயாரிக்காது. வெளிச்சம் குறைந்தால் செடி பிழைப்பைப் பார்த்துக்கொண்டு புது இலைகளில் பச்சையைக் கூட்டிக்கொள்ளும். ஜன்னலுக்கு நெருக்கமாக நகர்த்துங்கள். பழைய இலை மாறாது, புதிதாக வருபவற்றில் வண்ணம் திரும்பும். ஒரு கொடி முழுப் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தால், வண்ணம் இருந்த கடைசிக் கணுவரை வெட்டிவிடுங்கள்.

வெள்ளை அதிகம் உள்ள மார்பிள் குயீன் ரகம் மெதுவாகத்தான் வளரும். சாதா மணி பிளான்டோடு அதை ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். எலுமிச்சை நிறத்தில் இருக்கும் நியான் ரகமும் இதே இனம்தான், வளர்ப்பில் வித்தியாசம் இல்லை.

ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் வைத்தேன். இரண்டு மாதமாகப் பச்சையாக இருக்கிறது, வேர் வரவில்லை.

கணு இல்லையென்றால் கொடி இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் முடிச்சுபோல் ஒன்று இருக்கும், சின்னதாகப் பழுப்பு வேர் முளையும் தெரியும். அதுதான் கணு. புது வேரும் புதுத் தளிரும் அங்கிருந்துதான் கிளம்பும். வெறும் இலைக்காம்பு சில சமயம் வேர்கூட விடும், ஆனால் ஆயுசுக்கும் ஒற்றை இலையாகவே நிற்கும்.

கணுவுக்கு ஓர் அங்குலம் கீழே, சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். ஒரு துண்டில் இரண்டு கணுவும் ஓர் இலையும் போதும். ஒரு கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை வெளியே. இரண்டு மூன்று வாரத்தில் வேர் வந்துவிடும். விரல் நீளம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். தண்ணீரில் வந்த வேர் மென்மையானது, அதனால் முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். நான்கைந்து துண்டுகளை ஒரே தொட்டியில் நட்டால்தான் அடர்த்தியாக இருக்கும். நர்சரித் தொட்டிகள் புதர்போல் தெரிவதன் ரகசியம் இதுதான்.

மண்ணே இல்லாமல் பாட்டிலிலேயே வளர்க்கலாமா?

வருடக்கணக்கில் வளர்க்கலாம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், இலை பெரிதாகாது, ஆனால் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் நம் ஊரில் இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு: கொசு.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மணி பிளான்ட் பாட்டில் அதற்குக் கல்யாண மண்டபம் மாதிரி. முட்டை கொசுவாக வெளிவர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த அம்மா எங்கள் வீட்டு ஹாலில் நேராகப் புத்தக அலமாரிக்குப் போய், என் மூன்று பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஒன்றில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. “தொட்டியெல்லாம் மூடி வச்சிருக்கீங்க, இதை விட்டுட்டீங்களே மேடம்” என்றார். பக்கத்தில் நின்ற என் மாமியார் அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு என் வழக்கம் இது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டுவேன். வெறுமனே மாற்றினால் போதாது. பாட்டிலின் உட்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வேரையும் குழாயடியில் அலசிவிட்டு, பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சை இறுக்கமாக அடைத்துவிடுவேன். கொட்டிய தண்ணீரை மண்ணுள்ள தொட்டியில் ஊற்றுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம். வாரம் ஒருமுறை இதைச் செய்ய நேரமில்லை என்றால் மண்ணில் வையுங்கள்.

கண்ணாடி பச்சையாகப் பாசி பிடித்தால் வெளிச்சம் உள்ளே போகிறது என்று பொருள். பழுப்பு நிற பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

திருடி வைத்தால்தான் செழிக்குமாமே?

கேட்டாலே எல்லோரும் தருகிற ஒரு செடியைத் திருடுவானேன்? திருடுகிற அவசரத்தில் கணு இல்லாமல் கிள்ளிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அதனால் திருடிய செடி செழிக்காது என்பதே என் அனுபவம்.

வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில்தான் வைக்க வேண்டுமா?

அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் செடி வாடி, அதைப் பார்த்து நீங்களும் வாடுவீர்கள்.

உரம் என்ன போடலாம்? அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், பால்?

மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். அதற்கு மேல் போனால் நுனி கருகும்.

அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் இல்லை, புளிக்கவிடாமல் அன்றே ஊற்றிவிடுங்கள். பெரிய போஷாக்கு என்று நம்ப வேண்டாம். டீத்தூளைச் சர்க்கரை போக நன்றாகக் கழுவாமல் போட்டால் எறும்பு வரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சி பின்னால் வரும். பாலைத் தொட்டு இலையைத் துடைத்தால் பளபளக்கும் என்கிறார்கள். இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் நாறும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தாலே இலை மின்னும்.

கொடி மட்டும் நீளமாக ஓடுகிறது. இலைகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி, பாதித் தண்டு மொட்டை.

வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. மொட்டைத் தண்டில் மறுபடி இலை முளைக்காது. தயங்காமல் வெட்டுங்கள். தொட்டியிலிருந்து ஓரடி விட்டு வெட்டினால் வெட்டிய இடத்துக்கு அடுத்த கணுவிலிருந்து புதுத் தளிர் வரும். வெட்டிய கொடியைத் துண்டு போட்டு அதே தொட்டியில் நடுங்கள். இலை இல்லாத கணுவும்கூட ஈர மண்மேல் படுக்கவைத்தால் முளைக்கும், பொறுமை வேண்டும்.

மணி பிளான்ட் பூக்குமா?

உங்கள் வீட்டில் பூக்காது. என் வீட்டிலும் பூக்காது. இந்தச் செடியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தாவரங்களைப் பூவை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். இது பூக்காததால் 1880-லிருந்து தாவரவியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் போதோஸ் என்றார்கள், பிறகு சிண்டாப்சஸ் என்றார்கள். 1960-களில் பூத்த செடி ஒன்று கையில் கிடைத்தது. ராபிடோபோரா என்று மாற்றினார்கள். பூவை இன்னும் உற்றுப் பார்த்தபின் 1964-ல் எபிப்ரெம்னம் என்று முடிவானது. ஏன் பூப்பதில்லை என்பதற்கான விடை 2016-ல் வெளியான ஆய்வில் வந்தது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் போதிய அளவு தயாரிக்க முடியவில்லை, அதற்கான மரபணு சரியாக வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து ஜிப்ரலினைத் தெளித்தபோது பூத்தது.

பூ இல்லை, ஆகவே விதையும் இல்லை. அப்படியானால் உலகம் முழுக்க ஜன்னல்களில் தொங்கும் இந்தக் கொடிகள் யாரோ யாருக்கோ வெட்டிக் கொடுத்த துண்டுகள். உங்களிடம் இருப்பதற்கும் என்னிடம் இருப்பதற்கும் உறவு என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரே செடி பல தொட்டிகளில் இருக்கிறது.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதே?

1989-ல் நாசா நடத்திய ஆய்வில் மணி பிளான்டும் இருந்தது உண்மை. அந்தச் சோதனை காற்று புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. நம் வீடு பெட்டி இல்லை, கதவு ஜன்னல் வழியாகக் காற்று போய் வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019-ல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அந்தக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். பத்துக்குப் பத்து அறையில் நீங்கள் நிற்க இடம் இருக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2018-ல் முயலின் மரபணு ஒன்றை மணி பிளான்டில் புகுத்தி, குளோரோஃபார்மையும் பென்சீனையும் உறிஞ்ச வைத்தார்கள். அது கடையில் கிடைக்கும் செடி இல்லை.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியை அழகுக்காக வையுங்கள்.

குழந்தையோ பூனையோ இலையைக் கடித்துவிட்டால்?

சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அதே சமாசாரம். மணி பிளான்டும் சேம்புக் குடும்பம்தான், கருணையும் அதே குடும்பம். கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், உதடு வீங்கும், எச்சில் ஒழுகும். கிழங்கைப் புளி விட்டு வேகவைத்து நாம் சமாளிக்கிறோம், பூனைக்கு அந்த வசதி இல்லை.

வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். பெரும்பாலும் ஒரு கடியோடு விட்டுவிடுவார்கள், அந்த எரிச்சலே தடுத்துவிடும். தொண்டை வீங்கினாலோ மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, விழுங்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாய், பூனை என்றால் கால்நடை மருத்துவரிடம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது வரும் சாறு சிலருக்குக் கையிலும் அரிக்கும். கண்ணைக் கசக்குவதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

இலைக்காம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது.

மாவுப்பூச்சி. முதலில் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். கொஞ்சமாக இருந்தால் பஞ்சில் சானிடைசர் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். அதிகம் என்றால் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் நன்றாகக் குலுக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். ஒரே தடவையில் போகவே போகாது, முட்டைகள் தப்பித்துவிடும். எறும்பு வரிசை இருந்தால் அதையும் சேர்த்து ஒழியுங்கள், பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கும்.

டொரன்டோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் தாங்குமா?

வெப்பமூட்டிய வீட்டுக்குள் தாங்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கருத்துவிடும், ஆகவே பனிபிடித்த ஜன்னல் கண்ணாடியில் இலை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். உரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கும் இதேதான்.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். செடியை என்ன செய்வது?

கிளம்பும் அன்று நன்றாக ஊற்றி வடியவிட்டு, ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். தை மாதத்தில் பத்து நாள் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து ஊற்றச் சொல்லாதீர்கள், பாசத்தில் தினமும் ஊற்றிவிடுவார்கள். பாட்டில் செடிகளை மட்டும் மறக்காமல் காலி செய்துவிட்டு, ஈர மண்ணில் செருகி வையுங்கள்.

தோட்டத்து மாமரத்தில் ஏற்றிவிடலாமா? பெரிய இலை பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆசை புரிகிறது, ஆனால் நான் ஏற்ற மாட்டேன். இது ஒட்டுண்ணி இல்லை, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. ஆனால் கொடி தடித்து, கிளைகளை மூடி, மரத்துக்கு வர வேண்டிய வெளிச்சத்தை மறைக்கும். காய்க்கும் மரத்தில் ஏற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இலங்கையில் ஈரப்பதமான பகுதிகளில் இது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய், அங்குள்ள செடிகளை மூடிப் பரவும் ஆக்கிரமிப்புக் கொடியாகிவிட்டது. கண்டியில் நீங்கள் பார்த்த முறம் இலைகள் அந்த வகைதான். நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், மழை அதிகம் உள்ள இடங்களில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆசை தீர வேண்டுமென்றால் தனியாக ஒரு பட்ட மரமோ சிமென்ட் தூணோ பார்த்து ஏற்றுங்கள், ஆளுயரத்தைத் தாண்டியதும் நுனியை வெட்டிக்கொண்டே இருங்கள். வெட்டிய துண்டுகளை வாய்க்கால் ஓரத்திலோ காலி மனையிலோ வீசாதீர்கள், ஒரு கணு மண்ணைத் தொட்டால்கூடப் போதும். மொட்டைமாடி வெயிலில் நாலைந்து நாள் பரப்பி, சருகாக நொறுங்கும்வரை காயவைத்துவிட்டு உரக்குழியில் போடுங்கள்.